"அண்ணா, ஒரு சின்ன டவுட்": டேட்டாபேஸ்காரங்களோட பொறுமையும் புலம்பலும்

(இந்த வார எபிசோட்டின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் சொன்னதையே சொன்ன இடங்களையும் எடுத்துவிட்டோம். மற்றபடி பேசினது பேசினபடியே.)

இன்னைக்கு ஒரு ஊர்ப் பேர்ல இருந்து ஆரம்பிக்கலாம். பிள்ளையார்பாளையம். காஞ்சிபுரத்துல பட்டு நெசவாளர்கள் நிறைய பேர் இருக்கிற பகுதி. இந்தப் பேர்ல எத்தனை எழுத்து இருக்கு? பி, ள், ளை, யா, ர், பா, ளை, ய, ம். ஒன்பது. மூணாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டாலும் ஒன்பதுன்னுதான் சொல்லும்.

யூனிகோடு கிட்ட கேட்டா 17ன்னு சொல்லும். அதோட கணக்குல 'பி'ங்கிறது ரெண்டு: 'ப' ஒண்ணு, மேல வர்ற விலங்கு ஒண்ணு. புள்ளி வச்சா அதுவும் தனி. யூடிஎஃப்-8 முறையில சேமிக்கும்போது இந்த ஒவ்வொண்ணும் 3 பைட் எடுத்துக்கும். ஆக 51 பைட்.

இப்போ காலேஜ் ப்ராஜெக்ட் பண்ற ஒருத்தர், முகவரி சேமிக்கிற டேபிள்ல ஊர்ப் பேருக்கு வார்கேர் 15ன்னு இடம் ஒதுக்குறார்னு வச்சுக்கோங்க. பழைய மைஎஸ்க்யூஎல்ல "பிள்ளையார்பாளைய" வரைக்கும் உள்ள போகும்; 'ம்' காணாமப் போயிடும். ஒரு எச்சரிக்கை மட்டும் ஓரமா வரும், அதை யாரும் பார்க்க மாட்டாங்க. 2015ல வந்த 5.7 பதிப்புல இருந்து கறார் முறைதான் இயல்பு, அதனால எர்ரர் வரும். ஆரக்கிள்ல இன்னும் வேடிக்கை. அங்க வார்கேர்2 ஐம்பதுன்னு போட்டா, நீங்க வேற மாதிரி சொல்லாத வரைக்கும் அது 50 பைட். நம்ம ஊருக்கு வேணுங்கிறது 51. ஒரே ஒரு பைட் பத்தாம பிள்ளையார்பாளையம் வெளிய நிக்கும். காஞ்சிபுரம்னு டைப் பண்ணி டெஸ்ட் பண்ணா 33 பைட்தான், ஜம்முனு போயிடும். அதனால கோடு சரின்னுதான் எல்லாரும் நினைப்பாங்க.

ராத்திரி பதினொரு மணிக்கு இது ஒரு குரூப்ல எப்படி வரும் தெரியுமா? "அண்ணா, ஒரு சின்ன டவுட். டேட்டா சேவ் ஆகல." அவ்வளவுதான்.

இன்னைக்கு எபிசோட் அந்த மெசேஜோட மறுபக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பத்தி. பகல் முழுக்க ஆபீஸ்ல டேட்டாபேஸைப் பார்த்துட்டு, வீட்டுக்கு வந்து சம்பளமே இல்லாம அடுத்தவங்க டேட்டாபேஸையும் பார்க்கிறவங்க.

ஏன் இத்தனை கேள்வி கேக்குறாங்க?

அந்த மெசேஜுக்கு முதல் பதில் எப்பவும் கேள்வியாத்தான் வரும். எந்த டேட்டாபேஸ்? எந்த வெர்ஷன்? எர்ரர் என்ன சொல்லுது? டேபிளை எப்படி உருவாக்கினீங்க? கேட்டவருக்கு இது அலட்டல் மாதிரி தெரியும். பதில் தெரிஞ்சா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானேன்னு.

ஆனா நான் சொன்ன உதாரணத்தையே பாருங்க. அதே பேர், அதே ஃபார்ம். ஒரு வெர்ஷன்ல எழுத்து விழுங்கும், இன்னொண்ணுல எர்ரர் வரும், ஆரக்கிள்ல கணக்கே பைட்டுக்கு மாறிடும். சில நேரம் எர்ரரே வராது, எல்லாம் சேவ் ஆகும், திறந்து பார்த்தா வரிசையா கேள்விக்குறி. டேபிளோட எழுத்துமுறை லத்தீன்-1ஆ இருந்திருக்கும். அப்படிச் சேமிச்ச கேள்விக்குறியில இருந்து தமிழைத் திரும்ப எடுக்கவே முடியாது, ஏன்னா உள்ள இருக்கிறதே கேள்விக்குறிதான். மைஎஸ்க்யூஎல் 8.0 வந்த 2018க்கு அப்புறம் இந்தப் பிரச்சினை நிறைய குறைஞ்சிருக்கு. அதனாலதான் முதல்ல வெர்ஷனைக் கேக்குறாங்க.

வேகம் பத்தின கேள்வின்னா இன்னும் மோசம். "க்வெரி ஸ்லோவா இருக்கு, இண்டெக்ஸ் போட்டுட்டேன், அப்பவும் ஸ்லோ." நூறு வரி இருக்கிற டேபிள்ல எப்படி எழுதினாலும் கண் இமைக்கிற நேரத்துல வரும். ஒரு கோடி வரி ஆனதும்தான் வண்டவாளம் தெரியும். தேதி காலத்துல இண்டெக்ஸ் போட்டுட்டு, கண்டிஷன்ல 'இயர்' ஃபங்ஷனை அந்தத் தேதி மேல மாட்டி 2024க்குச் சமம்னு எழுதியிருப்பாங்க. அப்போ டேட்டாபேஸ் ஒவ்வொரு வரியா எடுத்து வருஷத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். வெறும் தேதி மேல போட்ட இண்டெக்ஸ் சும்மா கிடக்கும். ஜனவரி 1ல இருந்து அடுத்த ஜனவரி 1க்கு முன்னாடி வரைக்கும்னு எழுதினா அதே இண்டெக்ஸ் வேலை செய்யும். இதை எக்ஸ்ப்ளெய்ன் கொடுத்து வர்ற திட்டத்தைப் பார்த்தா அனுபவம் உள்ளவர் அரை நிமிஷத்துல சொல்லிடுவார். அந்தத் திட்டத்தை வாங்கத்தான் அரை மணி நேரம் ஆகும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் விக்கியில, மெதுவான க்வெரி பத்திக் கேக்க என்னென்ன கொண்டு வரணும்னு தனியா ஒரு பக்கமே இருக்கு. எத்தனை தடவை அதையே கேட்டு அலுத்திருந்தா அதுக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி வேற ஒண்ணு. "ஐடி காலத்துல 41க்கு அப்புறம் 43 வருது. விட்டுப்போன 42ஐ எப்படி நிரப்புறது?" வாரம் ஒருத்தராவது கேப்பாங்க. புதுசா பதில் சொல்ல வந்தவர் உடனே கோடு எழுதிக் கொடுப்பார். பழைய ஆள் மட்டும் "எதுக்குங்க?"ன்னு கேப்பார். கிண்டிக் கேட்டா கடைசியில விஷயம் வரும்: அந்த ஐடியைத்தான் பில் நம்பரா அச்சடிக்கிறாங்க, ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர் வரிசையா இருக்கணும், ஆடிட்டர் கத்துறார்.

ஆட்டோ இன்கிரிமெண்ட் அந்த வேலைக்கானதே இல்ல. ஒரு பதிவு உள்ள போகும்போது நம்பரை எடுத்துக்கும். பாதியில ரத்தானா நம்பர் திரும்பி வராது. நாலு பேர் ஒரே நேரத்துல பில் போடும்போது ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்கக் கூடாதுன்னுதான் அப்படி வடிவமைச்சிருக்காங்க. பில் நம்பருக்குத் தனியா ஒரு கவுண்டர் டேபிள் வச்சு, பூட்டி, ஒவ்வொண்ணா எடுக்கணும். கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், ஆனா ஓட்டை விழாது. முதல் ஆள் சொன்னபடி 42ஐ நிரப்பியிருந்தா, பழைய பில்லோட நம்பரும் தேதியும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம வேற தலைவலி வந்திருக்கும்.

புலம்பல் பட்டியல்

இவங்க தங்களுக்குள்ள பேசிக்கிறதைக் கேட்டா நல்லா பொழுது போகும். மானிட்டரை ஃபோன்ல சாய்வா படம் பிடிச்சு அனுப்புறது. அதுல எர்ரர் வரி மட்டும் சரியா வெட்டுப்பட்டிருக்கும். "அர்ஜெண்ட் சார், நாளைக்கு ரிவ்யூ." குரூப்ல கேட்டுட்டு அதே நிமிஷம் நாலு பேருக்குத் தனியா மெசேஜ் போடுறது. எல்லாத்தையும் விடப் பெரிய பாவம், "தேங்க்ஸ் ப்ரோ, சரியாயிடுச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்புறது. எப்படிய்யா சரியாச்சு? ரெண்டு வருஷம் கழிச்சு அதே எர்ரரோட தேடி வர்றவன் அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுவான்.

இந்தக் கடுப்பு புதுசு இல்ல. எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001லயே, கேள்வியைப் புத்திசாலித்தனமா கேக்கிறது எப்படின்னு ஒரு நீளமான கட்டுரை எழுதிட்டாங்க. அதுல சொன்ன விஷயம் எல்லாம் இன்னைக்கும் சரி. தேடிப் பாரு, என்ன முயற்சி பண்ணேன்னு சொல்லு, எர்ரரை அப்படியே ஒட்டு. ஆனா அந்தக் கட்டுரையோட மிடுக்கு இருக்கே, அதைத்தான் நிறைய பேர் கத்துக்கிட்டாங்க. முதல் கேள்வி கேட்ட பிள்ளைகிட்ட லிங்க்கைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போறது ஒரு கெத்துன்னு ஆயிடுச்சு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008ல தொடங்கிச்சு. பத்து வருஷம் கழிச்சு 2018ல, புதுசா வர்றவங்களை நாங்க நல்லா வரவேற்கலைன்னு அந்த நிறுவனமே வெளிப்படையா எழுதுச்சு. கடுப்பு நியாயமானது. ஆனா அதைக் காட்டுற இடம், முதல் தடவை கேக்கிறவன் இல்லங்கிறது என் கட்சி.

தமிழ் குரூப்கள்ல இது கொஞ்சம் வேற மாதிரி ஓடும். கேள்வியே உறவு முறையோட வருது: அண்ணா, அக்கா, சார், ப்ரோ. அண்ணான்னு கூப்பிட்டவனைத் திட்டுறது கஷ்டம். அதே சமயம் அண்ணான்னு கூப்பிட்டவன் ஞாயித்துக்கிழமை மத்தியானமும் கூப்பிடுவான், அதுவும் உண்மை.

காஞ்சிபுரத்துல இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, சுருக்கமா காஞ்சிலக். கட்டற்ற மென்பொருள்ல ஆர்வம் இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமைகள்ல இணைய வழியா கூடிப் பேசுறாங்க. யார் வேணும்னாலும் வரலாம், என்ன வேணும்னாலும் கேக்கலாம். இவங்களோட நெருக்கமான இன்னொரு முயற்சி கணியம். த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில தமிழ்ல தொடங்கின கணினி இதழ். அதுல து. நித்யா தொடரா எழுதினதுதான் 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்'. அப்புறம் இலவச மின்னூலா வந்துச்சு, யாரும் பகிரலாம்னு உரிமத்தோட.

இது ஏன் முக்கியம்? செலக்ட்னா என்ன, ஜாயின்னா என்னன்னு இங்கிலீஷ்ல படிச்சுப் புரியாதவங்க முட்டாள் இல்ல. ஜாயினை விட இங்கிலீஷ்தான் அங்க தடை. "வாட் ஹாவ் யூ ட்ரைட்?"னு கேட்டா பயந்து ஓடுற பிள்ளை, "என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?"ன்னு கேட்டா உட்கார்ந்து பத்து வரி எழுதும். அந்தப் பத்து வரியிலயே பாதி நேரம் விடை இருக்கும்.

பிள்ளையார்பாளையத்துப் பக்கம் கோர்வைப் புடவை நெய்றதைப் பார்த்திருந்தா உங்களுக்குத் தெரியும். உடலும் கரையும் வேற வேற நிறம், மூணு நாடா ஓடணும், தறியில ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தா சமாளிக்கிறது கஷ்டம். கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். பெரும்பாலும் தொழில் கத்துக்கிற சின்னவங்க. பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிற அந்த இடம் ஐடி வேலையில இல்ல. ஆன்லைன் குரூப்தான் நம்ம பசங்களுக்கு அந்த இடம்.

எல்லாருக்கும் ஒரு ராத்திரி வரும்

இவங்களை ஒண்ணு சேர்க்கிறது பயம்னு நினைக்கிறேன். டேட்டாபேஸ்ல ஒரு தப்பு பண்ணா பக்கம் உடையாது, ஆளுங்களோட தகவல் போயிடும். டெலீட் எழுதி, வேர் போட மறந்து, என்டர் தட்டின அந்த ஒரு நொடியைப் பத்தி எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க. ஆனா உள்ளுக்குள்ள யாரும் சிரிக்கல. மைஎஸ்க்யூஎல்ல வேர் இல்லாத டெலீட்டைத் தடுக்க ஒரு வசதி இருக்கு. சேஃப் அப்டேட்ஸ்னு பேர். அதுக்கு இன்னொரு பேரும் வச்சிருக்காங்க: 'ஐ ஆம் எ டம்மி'. நிஜமாவே, கமாண்ட் லைன்ல அப்படியே டைப் பண்ணலாம்.

2017 ஜனவரி 31. கிட்லாப் நிறுவனத்துல ஒரு இன்ஜினியர், நகல் சர்வர்ல இருந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டரைக் காலி பண்ண நினைச்சு, அசல் சர்வர்ல கமாண்டைக் கொடுத்துட்டார். ஒண்ணு ரெண்டு நொடியில உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில மிச்சம் இருந்தது ஏறக்குறைய 4.5 ஜிபி. சரி, பேக்கப் எடுப்போம்னு போனா, வெர்ஷன் ஒத்துப்போகாததால பேக்கப்பே எடுக்கப்படல. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரல. ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக அதே இன்ஜினியர் கையால எடுத்து வச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

அதுக்கு அப்புறம் அவங்க பண்ணதுதான் இந்தத் தொழில்ல இன்னும் பேசப்படுது. என்ன நடக்குதுன்னு பொது ஆவணத்துல எழுதிக்கிட்டே வந்தாங்க. மீட்பு வேலையை யூடியூப்ல நேரலையா காட்டினாங்க. பழியை ஒரு ஆள் தலையில கட்டல. உலகம் முழுக்க இருந்து டேட்டாபேஸ்காரங்க ஆறுதல் சொல்லி, யோசனை சொல்லி எழுதினாங்க. போட்டி நிறுவனத்துல வேலை பாக்குறவனுக்கும் அந்த ராத்திரி என்னன்னு தெரியுமே.

இப்போ கடைசியா ஒரு கவலை. கேள்வி எல்லாம் ஏஐ கிட்ட போயிட்டு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டாலும் திட்டாது, சாய்வான படத்தையும் படிச்சிடும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பர்லயே சாட்ஜிபிடி பதில்களுக்குத் தடை போட்டுச்சு. ஆனா கேள்வி கேக்கிறவங்களே அங்க குறைஞ்சுட்டாங்க. பதில் சொல்றவங்ககிட்ட இதைக் கேட்டா பாதி பேர் நிம்மதின்னு சொல்லுவாங்க. எனக்கு உறுத்துறது வேற. ஏஐ கிட்ட நீங்க கேட்டு வாங்கின பதில் உங்க ஸ்கிரீனோட முடிஞ்சிடும். டெலிகிராம் குரூப்ல கிடைச்சதும் பெரும்பாலும் அங்கயே புதைஞ்சிடும். தேடுறவனுக்கு வராது. தமிழ்ல தேடினா கிடைக்கிற டேட்டாபேஸ் பக்கங்கள் ஏற்கனவே கொஞ்சம்தான்.

அதனால உங்க பிரச்சினை எந்த வழியில தீர்ந்தாலும் சரி, டேட்டாபேஸ் பேர், வெர்ஷன், வந்த எர்ரர், கடைசியில என்ன மாத்தினீங்க, இந்த நாலையும் பத்து வரியில உங்க ப்ளாக்லயோ, கணியத்துக்கோ எழுதி அனுப்புங்க. தமிழ் டேட்டாவுக்கு எத்தனை பைட் ஒதுக்கணும்ங்கிற கணக்கு வச்சிருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க. இண்டெக்ஸ் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.