கோகோவைக் காலால் துழாவும் ஊர்
கிரெனடா தீவில் ஒரு சாக்லேட் திருவிழா

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நம்மவர்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அந்தத் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், டிரினிடாடுக்குச் சற்று வடக்கே, கிரெனடா என்றொரு குட்டி நாடு இருக்கிறது. மொத்தப் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். நம் பெரிய தாலுகா ஒன்றுக்குள் அடங்கிவிடும். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். மேடும் பள்ளமுமான எரிமலை மண், நல்ல மழை. ஜாதிக்காய், பட்டை, கிராம்பு, கோகோ, வாழை எல்லாம் அங்கே ஒரே தோட்டத்தில் கலந்து நிற்கும். நாட்டின் கொடியிலேயே ஜாதிக்காய்ப் படம் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஊரில் 2014-ஆம் ஆண்டு ஒரு சாக்லேட் திருவிழா தொடங்கியது. மே மாதத்தில், மழைக்காலம் பிறக்கும் முன்னர் நடப்பது வழக்கம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சாக்லேட் தின்றுவிட்டுப் போகலாம் என்று வந்தால், அவர்களை முதலில் தோட்டத்துக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். காய் பறிக்கவும், உடைக்கவும், கொட்டை காய வைக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் விவசாயி என்று அதற்குப் பெயர்.

காய் பறிப்பதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கோகோ மரத்தில் பூவும் காயும் கிளை நுனியில் வருவதில்லை. நம் பலாவைப் போல அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும்தான் ஒட்டிக்கொண்டு வரும். காய் இருந்த இடத்திலேயே அடுத்த பூவும் வரும். ஆகவே காயைப் பிடித்துத் திருகி இழுத்தால் பட்டை கிழிந்து, அந்த இடம் பிறகு காய்க்காமல் போகும். கைக்கு எட்டுவதைக் கத்தியாலும் எட்டாததைத் துரட்டி கட்டிய நீண்ட கழியாலும் காம்போடு அறுக்க வேண்டும். பட்டணத்திலிருந்து வருகிற விருந்தாளிகள் நாலு காய் அறுப்பதற்குள் கழுத்து வலிக்கிறது என்று உட்கார்ந்து விடுவார்கள்.

காயை உடைத்தால் உள்ளே முப்பது நாற்பது கொட்டைகள் வெள்ளைச் சதையோடு வரிசையாக இருக்கும். அந்தச் சதை சீத்தாப்பழம்போல வழுக்கும். தித்திப்பும் புளிப்பும் கலந்திருக்கும். ஆனால் கொட்டையைக் கடித்தால் ஒரே கசப்பு. சாக்லேட் வாசம் துளியும் இருக்காது. அந்த வாசத்தை உண்டாக்குவது விவசாயியின் வேலை.

ஈரக்கொட்டையைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழை இலை போர்த்தி, மேலே சாக்குப் போட்டு மூடுகிறார்கள். சதையிலுள்ள சர்க்கரை முதலில் சாராயமாகவும் பிறகு காடியாகவும் மாறும். பெட்டிக்குள் சூடு 45 முதல் 50 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதையின் முளை செத்து, ஊதா நிறம் பழுப்பாகும்; கசப்புக் குறையும். காற்றுப் படுவதற்காக இடையிடையே பெட்டி மாற்றிக் கொட்டுவார்கள். ஆறேழு நாள் ஆகும். அவசரப்பட்டு மூன்றாம் நாளே எடுத்துக் காயப்போட்டால், எவ்வளவு கெட்டிக்காரச் சாக்லேட்காரனாலும் அந்தக் கொட்டையிலிருந்து நல்ல சரக்கு எடுக்க முடியாது.

அடுத்தது காய வைப்பது. நீளமான மரத் தட்டுகளில் கொட்டையைப் பரப்புகிறார்கள். தட்டுகள் தண்டவாளத்தின் மேல் சக்கரத்தில் நிற்கும். வானம் இருட்டினால் தட்டைத் தள்ளிக் கட்டடத்துக்கு அடியில் விட்டுவிடலாம். வெயில் இருக்கும்வரை ஆட்கள் வெறுங்காலோடு தட்டில் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்து கொட்டையைப் புரட்டுகிறார்கள். களத்தில் நெல்லைக் காயப்போட்டு நம் பெண்கள் காலால் துழாவுவார்களே, அச்சு அசல் அதேதான். அரைமணிக்கொரு முறை இப்படிச் செய்தால்தான் பூசணம் பிடிக்காமல் சீராகக் காயும். ஈரம் ஏழு சதவீதத்துக்கு வந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். நூறு கிலோ ஈரக்கொட்டை காய்ந்தால் நாற்பது கிலோ தேறும்.

முற்காலத்தில் காய்ந்த கொட்டையைப் பெரிய கொப்பரையில் போட்டு, மேளம் தட்டிப் பாட்டுப் பாடி, கூட்டமாக ஏறி மிதித்து மெருகேற்றுவார்களாம். கோகோ ஆட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். வேலைக்காக ஆடிய ஆட்டம் இன்று விழாவில் வேடிக்கையாக ஆடப்படுகிறது. சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஊர்ச் சமையலும், ஜாதிக்காய், பட்டை சேர்த்துக் கோகோ உருண்டையைத் துருவிக் கொதிக்க வைக்கும் கோகோ டீயும் விழாவில் உண்டு. இந்தக் கோகோ டீயைத்தான் அந்த ஊர்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காலையில் குடித்து வந்தன. கட்டியான சாக்லேட்டோ, வெளிநாட்டிலிருந்து வந்து கடையில் விற்றது.

இதுதான் விஷயத்தின் மையம். பிரெஞ்சுக்காரர்கள் 1714-ஆம் ஆண்டு வாக்கில் கிரெனடாவில் கோகோவைக் கொண்டுவந்தார்கள். பின்னர் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் உழைப்பில் தோட்டங்கள் நடந்தன. அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்டங்கள் நாளடைவில் சிதறி, இன்று பெரும்பாலும் சிறு விவசாயிகள் கையில் இருக்கின்றன. ஆனாலும் கொட்டை மூட்டை கப்பலேறிப் போவதும், சாக்லேட் திரும்பி வருவதும் மாறவில்லை. கிரெனடாக் கோகோ நறுமணமுள்ள உயர்ரகம் என்று சர்வதேசக் கோகோ அமைப்பு ஒப்புக்கொண்டது. அதனால் வெளிச்சந்தையில் கொஞ்சம் கூடுதல் விலை உண்டு. ஆனால் சாக்லேட்டில் சம்பாதித்தவர்கள் வேறு நாட்டுக்காரர்கள்.

1999-ஆம் ஆண்டில்தான் இந்த வழக்கம் உடைந்தது. மாட் கிரீன் என்ற அமெரிக்கர் தீவில் வந்து குடியேறி, இரண்டு கூட்டாளிகளோடு ஒரு சிறிய சாக்லேட் தொழிற்சாலையைத் தொடங்கினார். பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்து, சில இயந்திரங்களைத் தாமே செய்து, சூரிய ஒளி மின்சாரத்தைப் பயன்படுத்தினார். ரசாயன உரமின்றி கோகோ வளர்த்த பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூட்டுறவாகச் சேர்த்துக்கொண்டார். ஒருமுறை பாய்மரக் கப்பலிலேயே ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பியதும் உண்டு. 2013 ஜூன் 1-ஆம் தேதி, இயந்திர வேலையின்போது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அவர் காட்டிய வழியில் மேலும் சில தொழிற்சாலைகள் அந்தக் குட்டித் தீவில் கிளம்பிவிட்டன. திருவிழா உருவானது அவர் மறைந்த மறு ஆண்டு.

இடையில் ஒரு பேரிடியும் விழுந்தது. 2004 செப்டம்பர் 7-ஆம் தேதி ஐவன் புயல் தீவைப் புரட்டிப் போட்டது. பத்தில் ஒன்பது வீடுகள் சேதமாயின. அதுவரை ஜாதிக்காய் ஏற்றுமதியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த நாடு அது. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் வேரோடு சாய்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் எமிலி என்று இன்னொரு புயல். நம் டெல்டாவில் 2018-இல் கஜா புயலுக்குத் தென்னையைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. ஜாதிக்காய்க் கன்று நட்டால் காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அது ஆண் மரமா பெண் மரமா என்பதும் பூத்த பிறகுதான் தெரியும். கோகோவோ மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும். முறிந்த மரமும் அடியிலிருந்து துளிர்க்கும். பல விவசாயிகள் கோகோ பக்கம் திரும்பியதற்கு அதுவே காரணம்.

விலை விஷயத்துக்கு வருவோம். 1964-இல் ஏற்பட்ட கிரெனடா கோகோ சங்கம் உறுப்பினர்களிடமிருந்து ஈரக்கொட்டையை எடை போட்டு வாங்கி, தன் சாலையில் புளிக்க வைத்துக் காயப்போட்டு ஏற்றுமதி செய்கிறது. வாங்கும்போது ஒரு விலை, கணக்கு முடித்த பின் மிச்சமிருந்தால் போனஸ். சிறு விவசாயிக்கு இதில் நிம்மதி உண்டு. பெட்டி, தட்டு, மழை பற்றிய கவலை இல்லை. ஆனால் வாசத்தை உண்டாக்கும் வேலை அவன் கையை விட்டுப் போய்விடுகிறது. அந்த வேலைக்குரிய கூலியும் போய்விடுகிறது. திருவிழாவின் பயன் இங்கேதான். வாங்குகிறவன் தோட்டத்துக்கே வந்து, இந்தச் சரிவில் விளைந்த கொட்டை, இன்னார் காயவைத்தது என்று பார்த்துப் போகிறான். தானே புளிக்க வைத்துக் காயப்போடும் தோட்டங்களுக்கு அது நேரடி வியாபாரமாகிறது. விழாவில் விடுதிக்காரர்களுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் கிடைக்கும் வருமானம் அதிகம், மலைச் சரிவில் அரை ஏக்கர் வைத்திருப்பவனுக்குக் கிடைப்பது குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே வாங்குபவனை நம்பியிருப்பதன் ஆபத்து தென்னிந்திய விவசாயிகளுக்குப் புதிதல்ல. கேரளத்திலும் கர்நாடகத்திலும் எழுபதுகளில் ஆர்வமாகக் கோகோ நட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் உலக விலை சரிந்து, வாங்க ஆளில்லாமல் பலர் மரத்தையே வெட்டினார்கள். அப்போது பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான காம்ப்கோ கொள்முதலில் இறங்கி, 1986-இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தச் சாக்லேட் தொழிற்சாலையே கட்டியது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்குள் ஊடுபயிராகக் கோகோ வைத்திருப்பவர்களும் ஈரக்கொட்டையாக விற்பதா, உலர்த்தி விற்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2024-இல் ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் உலகச் சந்தையில் டன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. 2025-இல் மளமளவென்று இறங்கியது. அந்த உச்ச விலையை வைத்துக் கன்று நட்டவர்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

கிரெனடாவில் இன்றைய பெரிய கவலை விலையைவிட ஆள்தான். தோட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் பட்டணத்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறார்கள். எலி காயைக் குடைகிறது, திருடன் விளைந்ததை அறுத்துப் போகிறான், காவலுக்கு ஆளில்லாத தோட்டம் காடாகிறது. 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் கிரெனடா நாட்டைச் சேர்ந்த கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கி, பெரிய தீவின் வடபகுதியையும் அடித்தது. கோகோத் தோட்டங்கள் பல இருக்கும் பகுதி அது. ஐவனுக்குப் பிறகு கன்று நட்டவர்கள் இருபது வயது மூத்துவிட்டார்கள். விழாவில் காலால் துழாவக் கூட்டம் முண்டியடிக்கிறது. விழா முடிந்த மறுநாளும் தட்டுகளை வெயிலுக்குத் தள்ளியாக வேண்டும். அரைமணிக்கொரு முறை இறங்கித் துழாவ நாலு பேர் வேண்டும்.