தேசியப் பங்குச் சந்தை: தோற்றமும் வளர்ச்சியும்

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசும் வழக்கத்தை நம் விவசாயிகள் நன்கறிவார்கள். அவ்விலை அருகில் நிற்போருக்குத் தெரியாது. கம்பெனிப் பங்குகளின் வியாபாரமும் நெடுங்காலம் ஏறக்குறைய இவ்வாறே நடைபெற்று வந்தது.

பங்கு என்பது யாது? பெருந்தொழில் ஒன்றுக்குரிய மூலதனத்தைப் பலர் கூடி அளிக்கின்றனர். அவரவர் தொகைக்கேற்ற உரிமையே பங்கு. தொழில் செழித்தால் லாபத்தில் பகுதி கிடைக்கும். நலிந்தால் முதலும் குறையும். இவ்வுரிமையை விற்போரும் வாங்குவோரும் கூடுமிடமே பங்குச் சந்தை.

பம்பாயில் 1875ஆம் ஆண்டிலேயே இத்தகைய சந்தை ஏற்பட்டது. சென்னை முதலிய நகரங்களிலும் பின்னர்த் தோன்றின. தரகர்கள் ஒரு கூடத்தில் திரண்டு உரக்கக் கூவி விலை பேசினர். வெளியூரார் தரகர் கூறிய விலையையே நம்ப வேண்டியிருந்தது. 1992இல் வங்கிப் பணம் முறைகேடாகச் சந்தையில் புகுந்த ஊழல் வெளிப்பட்டு, விலைகள் சரிந்தன. கண்காணிப்பு வாரியமாகிய 'செபி'க்கு அவ்வாண்டே சட்ட அதிகாரம் வழங்கப்பட்டது.

பொதுத்துறை நிதி நிறுவனங்கள் முன்னின்று, 1992 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தையைக் கம்பெனியாகப் பதிவு செய்தன. 1993இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. 1994 நவம்பரில் பங்கு வியாபாரம் தொடங்கிற்று. இங்கே கூவும் கூடம் இல்லை. பல ஊர்த் தரகர்களின் கணிப்பொறிகள் செயற்கைக்கோள் வாயிலாக இணைக்கப்பட்டன. சிறந்த விலை கூறியவருக்கு முதலிடம். விலை ஒன்றாயின் முன்னர்க் கேட்டவருக்கு முதலிடம். சிற்றூராரும் பம்பாய்ச் செல்வரும் ஒரே வரிசையில் நின்றனர். துண்டு விலக்கப்பட்டது எனலாம். 1995இல் பம்பாய்ச் சந்தையும் கணிப்பொறி முறையை மேற்கொண்டது.

முன்னர்ப் பங்குகள் காகிதப் பத்திரங்களாக இருந்தமையால் போலியும் திருட்டும் மலிந்தன. 1996இல் தோன்றிய காப்பகம் அவற்றைக் கணக்குப் பதிவுகளாக மாற்றியது. ஐம்பது கம்பெனிகளின் விலைப்போக்கைக் காட்டும் 'நிஃப்டி' குறியீடும் அவ்வாண்டே பிறந்தது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் வியாபாரத்துக்கு மறுநாளே கணக்குத் தீர்க்கப்படுகிறது.

ஆயினும் சந்தை நேர்மையாக நடப்பது வேறு, லாபம் உறுதியாகக் கிடைப்பது வேறு. 2000இல் இச்சந்தையில் தொடங்கிய முன்பேர வியாபாரம் இன்று பலரை ஈர்க்கிறது. 2021-22 முதல் 2023-24 வரை இவ்வகை வியாபாரத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் எனச் செபியின் ஆய்வு கூறுகிறது.

ஆகவே விதைக்கும் உரத்துக்கும் வைத்த பணத்தையும், பயிர்க்கடனையும் இதில் இடுதல் தகாது. உறுதியான லாபம் தருவதாகக் கைப்பேசியில் அழைப்போரை நம்பலாகாது. ஈடுபட விரும்புவோர் தரகர் செபியில் பதிவு பெற்றவரா என விசாரித்து, கணக்கைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இச்செய்தியைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாயின், பல குடும்பங்களின் சேமிப்பு காக்கப்படும்.