பள்ளி நிறைவும் சமூகத் தொண்டும்: ஜொகூர்ச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

பள்ளிக் கல்வியை நிறைவு செய்யும் மாணவர் குறிப்பிட்ட மணிநேரம் சமூகத் தொண்டு ஆற்றியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இன்று உலகின் சில கல்வி முறைகளில் நிலைபெற்றுள்ளது. கட்டாயத்தின்பேரில் செய்வது தொண்டாகுமா என்னும் வினாவும் அதனுடன் பிறந்ததே. அவ்வினாவை ஜொகூர் மாநிலச் சூழலில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிபந்தனையின் தோற்றம்

அமெரிக்க மாநிலங்களுள் மேரிலாந்து முதன்முதலாக 1992இல் இந்நிபந்தனையை மாநிலம் முழுவதற்கும் விதித்தது. அங்கு 75 மணிநேரத் தொண்டு வரையறுக்கப்பட்டது. பென்சில்வேனியாவின் பெத்லகேம் பள்ளி மாவட்டம் 60 மணிநேரத்தை வரையறுத்தபோது, இது அரசியலமைப்பு விலக்கிய கட்டாய ஊழியமே எனப் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1993இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தமிழர் பெருந்தொகையினராக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாநிலம் 1999 முதல் 40 மணிநேரத்தை நிபந்தனையாக்கியது.

ஜொகூரில் மூன்று நிலைகள்

ஜொகூர் மாணவரைச் சூழ்ந்து மூன்று வகை ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, தேசிய இடைநிலைப்பள்ளி. எஸ்.பி.எம். சான்றிதழ் பெறத் தொண்டு நிபந்தனை அன்று. எனினும் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியது. அவற்றுள் சமூகத் தொண்டும் மதிப்பிடப்படுகிறது. பள்ளிக்குப் புறத்தே, 2004இல் தொடங்கி 2018இல் கைவிடப்பட்டு 2025இல் மீண்டும் உயிர்பெற்ற தேசிய சேவைப் பயிற்சித் திட்டம், தன் தொடக்கக் காலப் பயிற்சியில் சமூகத் தொண்டினை ஒரு கூறாகக் கொண்டிருந்தது.

இரண்டாவது, அனைத்துலகப் பள்ளி. 2012இல் இஸ்கந்தர் புத்ரி வட்டாரத்தில் தொடங்கப்பட்ட மார்ல்பரோ கல்லூரி வழங்கும் அனைத்துலக பக்காலோரியா பட்டயத்தில் படைப்பாற்றல், செயற்பாடு, தொண்டு என்னும் பகுதியை நிறைவு செய்யாதவர் பட்டயம் பெற இயலாது. முன்னர் இதற்கு 150 மணிநேரம் வழிகாட்டு அளவாக இருந்தது. இன்று மணிக்கணக்கினும் மாணவர் அடைந்த கற்றற்பேறுகளே கருதப்படுகின்றன.

மூன்றாவது, கடற்பாலத்திற்கு அப்பாலுள்ள சிங்கப்பூர். ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து கற்கும் மாணவர் அந்நாட்டு முறைக்கு உட்பட்டவர். அங்கு 1997இல் அறிமுகமான சமூக ஈடுபாட்டுத் திட்டம் ஆண்டுக்கு 6 மணிநேரம் கோரியது. 2012இல் அதற்கு மாற்றாக வந்த திட்டம், பண்புகளைச் செயலில் காட்டுதலை முதன்மைப்படுத்தியது.

மணிக்கணக்கில் தொடங்கிப் பின் அதனைத் தளர்த்துதல் ஈரிடத்தும் காணப்படும் பொதுப்போக்கு என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

கட்டாயமும் கைம்மாறும்

1999இல் வெளிவந்த ஸ்டூகாஸ், சினைடர், கிளேரி ஆகியோரின் ஆய்வு, இயல்பான நாட்டம் இல்லாதோரைக் கட்டாயப்படுத்தினால் பிற்காலத் தொண்டுணர்வு குன்றக்கூடும் எனக் காட்டியது. தெரிவுரிமை தரப்பட்டோரிடம் அவ்விளைவு காணப்படவில்லை. ஆகவே கட்டாயத்தினுள்ளும் தெரிவுக்கு இடம் வேண்டும்.

திருக்குறளின் 22ஆம் அதிகாரமாகிய ஒப்புரவறிதல் இவ்வினாவை வேறு கோணத்தில் காண உதவுகிறது. வள்ளுவர் ஒப்புரவைக் கடப்பாடு என்றே கூறுகிறார். ஆனால் அதற்குக் கைம்மாறு எதிர்பார்த்தலை விலக்குகிறார். இந்நோக்கில், கடமையாக்கப்படுவதால் மட்டும் தொண்டு சிறுமையுறாது. புள்ளிக்காகச் செய்யப்படும்போதே சிறுமையுறுகிறது. நம் தேசிய முறையில் தொண்டு கடமையாகவில்லை, ஆனால் புள்ளியாகியுள்ளது. இது நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய முரண்.

நேர்மை பற்றிய வினாவும் உண்டு. பள்ளி முடிந்தபின் தம்பி தங்கையரைப் பேணும் மாணவியும், வார இறுதியில் கடையில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் மாணவனும் ஆற்றுவது எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை. போக்குவரத்து வசதியற்ற தோட்டப்புற மாணவருக்கோ நகரில் நிகழும் திட்டங்கள் எட்டாதவை. மணிக்கணக்கு அனைவர்க்கும் பொது; ஓய்வுநேரம் அவ்வாறன்று.

முடிவுரை

நிபந்தனை வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் மாணவர் வாழும் சூழலை முதலில் நோக்குதல் நலம். தமிழாசிரியர் இதில் பெரிதும் உதவலாம். இடைநிலைப்பள்ளி மாணவர் தாம் பயின்ற தமிழ்ப்பள்ளிக்கு மீண்டு சென்று இளையோர்க்கு வாசிப்புத் துணையாகலாம்; தோட்ட வாழ்வறிந்த முதியோரின் நினைவுகளைக் கேட்டு எழுதி வைக்கலாம். இவை இருக்குமிடத்திலேயே இயல்வன. மொழிக்கும் பயன் தருவன. செய்த பணியைப் பற்றி மாணவர் தமிழில் ஒரு பக்கம் எழுதுவாராயின், எத்தனை மணிநேரம் என்னும் வினா பின்தங்கி, யாருக்கு என்ன பயன் விளைந்தது என்னும் வினா முன்வரும் என்பது நம் துணிபு.