பிள்ளைகளும் சாம்பிள் பார்க்கட்டும்

தரகர் புதிதாக ஒரு துவரம் பருப்பைக் கொண்டு வந்தால் நாம் உடனே லோடு போடச் சொல்வதில்லை. சாம்பிள் வாங்கி, வேகவைத்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். சாம்பிள் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்கிறோம். அதை யாரும் நஷ்டம் என்று சொல்வதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் நமக்கு வருவதில்லை. கராத்தே, வீணை, சதுரங்கம் என்று எதில் சேர்த்தாலும், இரண்டு மாதத்தில் "வேண்டாம்ப்பா" என்றால், "கட்டின பணம் என்னாவது?" என்று அதட்டுகிறோம். போன பணம் போனதுதான். அதற்காகப் பிள்ளையைப் பிடித்து வைப்பது, விற்காத சரக்கையே மறுபடியும் வாங்கி அடுக்குவதற்கு ஒப்பாகும்.

கிரிக்கெட் வீரர் வருண் சக்கரவர்த்தி சிறுவயதில் விக்கெட் கீப்பர். 17 வயதில் ஆட்டத்தையே விட்டார். கட்டடக்கலை படித்து வேலை பார்த்தார். பிறகு திரும்பி வந்து வேகப்பந்து வீசினார். முழங்காலில் அடிபட்டதும் சுழற்பந்துக்கு மாறினார். 2021இல் இந்திய அணிக்கு ஆடினார். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆகிவிடுவதில்லை. ஆனால் ஒன்றை விடுவதால் யாரும் கெட்டுப்போவதில்லை என்பது தெளிவு.

ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுவோம். வீணையை முதலில் இரவல் வாங்குவோம். வேண்டாம் என்றால், காரணத்தை மட்டும் பொறுமையாகக் கேட்போம். ஆசிரியர் அடிக்கிறார் என்றால் அது நமக்குத் தெரிய வேண்டுமல்லவா?

நாளை மகனோ மகளோ நம் கல்லாவில் உட்கார்ந்தாலும், நாலும் பார்த்துவிட்டு விரும்பி வந்து உட்காரட்டும். கடை நிலைப்பது அப்போதுதான்.