விலை பேசக் கூடாத வானொலி



நம் தொழிலில் பாதி, செய்திதான். முண்டு வற்றல் என்ன விலை போகிறது, மதுரை லாரி புறப்பட்டதா, பாம்பனில் படகுகள் கடலுக்குப் போயினவா என்று விசாரித்த பிறகே அன்றைய கொள்முதலை முடிவு செய்கிறோம். ஆனால் ஒருவகை வானொலியில் மட்டும் விலை பேசவே கூடாது என்பது சட்டம். அதுதான் அமெச்சூர் ரேடியோ. ‘ஹாம் ரேடியோ’ என்றும் சொல்வார்கள். வியாபாரம் பேசக் கூடாத கருவிக்கு வணிகர் இதழில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது.

இந்த ஹாம் அன்பர்களுக்கென்று உலகப் போட்டி ஒன்று உண்டு. 1990இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கியது. பிறகு பிரேசில், மாஸ்கோ, ஜெர்மனி எனப் பல இடங்களில் நடந்து, 2023 ஜூலையில் இத்தாலியின் பொலோனியா பகுதியில் நடைபெற்றது. அணிக்கு இருவர். இருவரும் ஒரே நாட்டவராக இருக்க வேண்டியதில்லை. எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி ஏரியல். பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் அளவான 100 வாட் சக்தி. 24 மணி நேரத்தில் எத்தனை நாடுகளில் எத்தனை பேரைத் தொடர்பு கொள்கிறார்கள் என்பதே போட்டி.

மதிப்பெண் முறை நமக்கு எளிதில் விளங்கும். தொடர்புகளுக்கான புள்ளிகளைக் கூட்டி, பிடித்த நாடுகளின் எண்ணிக்கை போன்றவற்றால் பெருக்குவார்கள். ஒரே ஊருக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு அனுப்பினால் போதாது; பல ஊர்களிலும் வாடிக்கை பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. போட்டி முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். இவர் எழுதியதும் எதிர்முனையில் இருந்தவர் எழுதியதும் ஒத்துப் போகிறதா என்று சரி பார்க்கிறார்கள். அழைப்புக் குறியில் ஓர் எழுத்துத் தவறினாலும் அந்தத் தொடர்பு செல்லாது. இரண்டு பேரேடுகளும் பைசா பிசகாமல் ஒத்துப் போக வேண்டும் என்று நம் பெரியவர்கள் கண்டித்தது போலத்தான் இதுவும். இரைச்சலுக்கு நடுவே, தூக்கம் கெட்டு, முன்பின் தெரியாத ஒருவர் சொல்லும் பெயரையும் எண்ணையும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும் பயிற்சி இது.

இந்தப் பயிற்சியின் அருமை நம் கரைக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், பயணிகளோடு கடலுக்கு இரையானது. பாம்பன் பாலம் உடைந்தது. தந்திக் கம்பிகளும் அறுந்தன. உள்ளே என்ன நடந்தது என்று வெளியே இருந்தவர்களுக்கும், உதவி வருகிறதா என்று உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. பாலத்தை 46 நாளில் சீர் செய்துவிட்டார்கள். சேதி தெரியாமல் தவித்த நாட்களைச் சீர் செய்ய யாரால் முடியும்?

நாற்பது ஆண்டு கழித்து என்ன நடந்தது என்று பாருங்கள். 2004 டிசம்பரில், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில், திருமதி பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போனது. நெடுங்காலமாக ஹாம் குரல் எழாத தீவு அது. அதனால் உலகமே வரிசையில் நின்று அவர்களோடு பேசியது. அதுவரை வெறும் பொழுதுபோக்குதான். டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. தொலைபேசி ஓய்ந்தது. அந்தக் குழுவினர் விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, உயிரோடு இருப்பவர்களின் பெயர்களையும் அவர்களுக்குத் தேவையானவற்றையும் நாட்டின் பிற பகுதிகளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். இலங்கையிலும், அடிபட்ட அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே ஹாம் அன்பர்கள் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

இன்று கையில் செல்போன் இருக்கிறதே என்று நினைக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் மின்சாரமும் போய், செல்போன் கோபுரங்களும் ஊமையானதைப் பார்த்தோம். கோபுரம் நின்றால் ஆர்டர் போட முடியாது. க்யூஆர் அட்டையில் பணமும் வராது. ஹாம் கருவிக்குக் கோபுரம் வேண்டாம். ஒரு 12 வோல்ட் கார் பேட்டரியும், ஒரு நீளக் கம்பியும், பழகிய ஒரு காதும் போதும்.

பேட்டரியையும் கம்பியையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். பழகிய காதை வாங்க முடியாது. வருடாவருடம் போட்டிகளில் கலந்து கொண்டுதான் அது வரும்.

12 வயது நிரம்பிய எவரும் மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். தொடக்க நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் தந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை. உரிமம் இல்லாமல் கருவியை இயக்குவது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் வழங்குகின்றன. நல்ல காரியம். அதோடு, ராமநாதபுரம், ராமேஸ்வரம், மண்டபம் பகுதிகளில் ஆர்வமுள்ள நாலு பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாம். ஏரியல் கட்ட நம் கடை மொட்டை மாடியில் இடம் கொடுக்கலாம். இதில் ஒரு ரூபாய் லாபம் வராது; வரவும் கூடாது. ஆனால் அடுத்த புயல் இரவில், நம் தெருவின் பெயரையும் நம் வீட்டார் பெயரையும் பிழையில்லாமல் வெளியே சொல்ல நம் ஊரிலேயே ஒருவர் இருப்பார்.