மீன் தொட்டி சிறியதல்ல, அதன் பாரமும் சிறியதல்ல
கடையிலும் வீட்டிலும் பெரிய தொட்டி வைக்க விரும்பும் வணிகர்களுக்கு

சூளகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கொத்தமல்லிக் கட்டும் காய்கறி மூட்டையும் நினைவுக்கு வரும். நமக்கு அதோடு சேர்த்து, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நிற்கும் மளிகைக் கடைகளும் மொத்த விற்பனைக் கிடங்குகளும் நினைவுக்கு வரும். இந்தக் கடைகள் பலவற்றில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீன் தொட்டியைப் பார்க்கலாம். மாடியில் குடியிருப்பவர்கள் கூடத்திலும் ஒன்று வைத்திருப்பார்கள். வாஸ்துவுக்காக வைப்பவர் உண்டு, பிள்ளைகள் கேட்டதற்காக வைப்பவர் உண்டு, நாள் முழுதும் கணக்குப் பார்த்த கண்ணுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று வைப்பவரும் உண்டு. இரண்டடித் தொட்டியில் தொடங்கியவர்கள் சில ஆண்டுகளில் நான்கடிக்கும் ஆறடிக்கும் போய்விடுகிறார்கள். அரோவானா போன்ற மீனை வாங்கிவிட்டால் போகாமல் முடியாது. அது இரண்டடிக்கு மேல் வளரக்கூடிய மீன்.

தொட்டியை வாங்கும்போது கண்ணாடி எத்தனை மில்லி, மோட்டார் என்ன கம்பெனி, விளக்கு எத்தனை வாட் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். அதைத் தாங்கப்போகும் ஸ்டாண்டைப் பற்றிக் கேட்பவர் குறைவு. "கூடவே ஒரு ஸ்டாண்டும் போட்டுக் கொடுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூட்டைப் பாரத்தோடு பிழைப்பு நடத்தும் நாம் இதில் ஏமாறக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி 9 கன அடி. தண்ணீர் மட்டும் 255 கிலோ. கண்ணாடி, கூழாங்கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டும். ஆறடிக்கு இரண்டடி, உயரம் இரண்டடி என்றால் 24 கன அடி. மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டாலும் 620 லிட்டருக்கு மேல். 12 மி.மீ. கண்ணாடியே 120 கிலோ வரும். கூழாங்கல் 60, ஸ்டாண்டும் பலகையும் இன்னொரு 60. மொத்தம் 850 முதல் 900 கிலோ. அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டைகள் பதினெட்டை ஆறடிக்கு இரண்டடி இடத்தில் அடுக்கியது போல. மூட்டை சரிந்தால் எடுத்து அடுக்கலாம். இது சரிந்தால் நாற்பது குடம் தண்ணீர் ஒரே நொடியில் கடைக்குள் ஓடும். தரையில் உப்பு, சர்க்கரை, மைதா மூட்டைகள் இருக்கும். கண்ணாடிச் சில்லுகளும் கூடவே வரும். வாடிக்கையாளரின் குழந்தை தொட்டிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருக்கும்.

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து எச்சரிக்கை தரும் என்று நம்பியிருக்க முடியாது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு ஹோட்டல் முகப்புக் கூடத்தில் 'அக்வாடோம்' என்ற உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி இருந்தது. உயரம் 14 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் லிட்டர், மீன்கள் சுமார் 1,500. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் அது திடீரென வெடித்து, தண்ணீர் தெரு வரை பாய்ந்தது. இருவர் காயமடைந்தனர், மீன்கள் ஏறக்குறைய எல்லாம் மடிந்தன. பகல் நேரமாக இருந்தால் உயிர்ச்சேதம் ஏற்பட்டிருக்கும். நிபுணர்கள் ஆராய்ந்தும் இன்னதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நமது தொட்டி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் வெளியேறும் விதம் ஒன்றே.

ஸ்டாண்டில் எது உடைகிறது?

கால் ஒடிந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதனால் காலுக்குத் தடித்த இரும்பைப் போட்டு, மேல்சட்டத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். இது தலைகீழான கணக்கு. 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. தடிப்பு, இரண்டரை அடி உயரக் கால் என்றால், நேராக நிற்கும் வரை ஒரு காலே டன் கணக்கில் தாங்கும். கெடுவது இரண்டு இடத்தில்: மேல்சட்டம் நடுவில் தொய்வது, முழு ஸ்டாண்டும் பக்கவாட்டில் சாய்வது.

மேலே சொன்ன ஆறடித் தொட்டியை அதே 40 மி.மீ. குழாயில், நான்கு மூலையில் மட்டும் கால் வைத்துச் செய்தால், முன்பக்கச் சட்டம் நடுவில் ஏறக்குறைய முக்கால் அங்குலம் தொய்யும் அளவுக்குப் பாரம் வருகிறது. இரும்பு தன் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும். கண்ணில் அவ்வளவு தொய்வு தெரியாமல் இருக்கலாம். அதற்குக் காரணம், தொட்டியின் முன்கண்ணாடியே உத்தரம் போல் நின்று இரும்புக்குப் பதிலாகப் பாரத்தைச் சுமப்பது. அந்த வேலைக்குக் கண்ணாடி செய்யப்படவில்லை. மாதக்கணக்கில் அப்படி நின்றால் அடிக்கண்ணாடியில் கீறல் விழும், அல்லது மூலையில் சிலிக்கான் பசை விட்டுக்கொடுக்கும். பழி கண்ணாடி ஒட்டியவர் மேல் விழும்.

நடுவில் முன்னும் பின்னும் ஒவ்வொரு கால் சேர்த்தால் போதும். சட்டத்தின் தாங்கலற்ற நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிறது. இரண்டு துண்டுக் குழாயில் கிடைக்கும் லாபம் இவ்வளவு. ஆறடிக்கு ஆறு கால் என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது. நான்கடித் தொட்டிக்கு நான்கு கால் போதுமானது.

சாய்வைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் துளையிட்ட ஆங்கிள் ரேக் வாங்கிப் போல்ட் போட்டு நிறுத்திய எவருக்கும் தெரியும்: குறுக்கே சாய்வுச் சட்டம் போடாத ரேக், பாரம் ஏற ஏற ஒருபக்கமாக நடக்கத் தொடங்கும். மீன் தொட்டி ஸ்டாண்டும் அப்படியே. பின்பக்கத்தில் ஒரு சாய்வுச் சட்டம், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, முன்பக்கம் திறந்திருக்க வேண்டுமென்றால் மூலைகளில் முக்கோணத் தகடு. இவை இல்லாத ஸ்டாண்டை எவ்வளவு மினுமினுப்பாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஓசூர்த் தொழிற்பேட்டைகளால் நமக்குக் கிடைத்த வசதி, நல்ல வெல்டிங் ஆட்களும் பவுடர் கோட்டிங் போடுபவர்களும் பக்கத்திலேயே இருப்பது. ஆனாலும் குழாயை நாமே பார்த்து வாங்குவது நல்லது. 14 கேஜ் என்று சொல்லி 16 கொடுப்பதும், 16 என்று சொல்லி 18 கொடுப்பதும் கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும். 40 மி.மீ. சதுரக் குழாய் 20 அடி நீளம் 2 மி.மீ. தடிப்பில் ஏறக்குறைய 14 கிலோ நிற்கும். 1.6 மி.மீ. என்றால் பதினொன்றரை. 1.2 மி.மீ. என்றால் ஒன்பது கிலோ கூட வராது. தராசு நம்முடைய ஆயுதம். குழாய் வாங்கும் இடத்திலும் அதைப் பயன்படுத்துவதில் கூச்சம் எதற்கு? ஆறடி ஸ்டாண்டுக்கு மூன்று முழுக் குழாய் போதும் போலத் தோன்றும். சாய்வுச் சட்டமும் வெட்டுச் சேதாரமும் சேர்த்தால் நான்கு வேண்டும். பழைய இரும்புக் கடைக் குழாய் மலிவுதான். உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால், இந்த வேலைக்கு அது ஆகாது.

மேல்சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கத்தில் ஒட்டவைத்துப் பற்றவைத்தால் பாரம் முழுவதும் பற்றுவைப்பின் மேல் தொங்கும். மேற்பரப்பில் வெல்டிங் மேடு இருந்தால் அரைத்துச் சமமாக்கச் சொல்லுங்கள். சட்டம் போட்டதும் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலை நேர். குழாயின் திறந்த வாய்களை மூடிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் தண்ணீர் சொட்டும், மீனுக்கு நோய் வந்தால் உப்பும் போடுவோம்; திறந்த வாய் வழியாக உள்ளே போன உப்புநீர் இரும்பை உள்ளிருந்து அரித்துவிடும்.

மேலே போடும் பலகை 19 மி.மீ. பிளைவுட். 'ஐ.எஸ். 710' முத்திரையுள்ள, நீரில் வெந்தாலும் பிரியாத வகை. துகள் பலகை ஈரம் பட்டால் பிஸ்கட் போல் ஊதும். அதை மலிவு என்று கொடுத்தாலும் வேண்டாம். பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மாகோல் விரிக்க வேண்டும். மணல் துகள் அளவு மேடு இருந்தாலும் அடிக்கண்ணாடிக்கு அது ஊசிமுனை. தெர்மாகோல் அந்த மேட்டை விழுங்கிக்கொள்ளும்.

இரும்பு வேண்டாம் என்பவர்களுக்கு நமது மாவட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுப்பு ஆலைகளுக்குக் குறைவில்லை. துண்டுப் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. தரைத்தளத்தில் சாலிட் பிளாக் வைத்துச் சிமெண்டால் கட்டி, மேலே கிரானைட் பலகை போட்டால் துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் கிரானைட்டின் குணம் தெரிந்திருக்க வேண்டும். அழுத்தத்தை எவ்வளவும் தாங்கும். வளைவைத் தாங்காது, முன்னறிவிப்பில்லாமல் முறியும். இரண்டு ஓரத்தில் மட்டும் சுவர் எழுப்பி ஆறடிப் பலகையைப் பாலம் போல் போடுவது ஆபத்து. குறைந்தது நான்கு குட்டைச் சுவர்களாவது வேண்டும். இடைவெளி ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். இருபது மி.மீ. பலகை சதுர அடிக்கு 5 கிலோ என்பதையும் பாரக் கணக்கில் சேர்க்க வேண்டும். கிரானைட் மேலும் தெர்மாகோல் அவசியம். இந்தக் கட்டை மாடிக்குக் கொண்டுபோவதை நாம் ஆதரிக்கவில்லை. பிளாக்கின் பாரமே தொட்டியின் பாரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

எங்கே வைப்பது?

வீட்டு அறைத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் 875 விதிக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு. சில்லறைக் கடைகளுக்கு அதைப்போல் இரு மடங்கு. சதுர அடிக்கு மாற்றினால் வீட்டுக்கு 19 கிலோ வருகிறது. நம் ஆறடித் தொட்டி தன் காலடியில் சதுர அடிக்கு 70 கிலோவுக்கு மேல் வைக்கிறது. இதனால் மாடியே இடிந்துவிடும் என்பதல்ல. அந்த 200 கிலோ என்பது அறை முழுவதும் பரவிய பாரத்துக்கான கணக்கு. ஆனால் அறை நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் இடத்தில், சுவரை ஒட்டி வைக்க வேண்டும். வெளியே நீட்டிய பால்கனித் தளத்தில் கூடவே கூடாது. ஆறடித் தொட்டியை மாடியில் வைக்க நினைப்பவர் வீடு கட்டிய பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது செலவில்லாத காரியம்.

தரைத்தளம் என்றால் பயமில்லை என்றும் இருக்க முடியாது. சாலை உயர உயர, மண் கொட்டித் தளத்தை உயர்த்திய கடைகள் நம் பக்கம் நிறைய. மண் சரியாக இறுகாத இடத்தில் ஒரு கால் மட்டும் மெல்ல இறங்கும். டைல்ஸைத் தட்டிப் பார்த்து, பொள்ளலான சத்தம் வந்தால் அந்த இடத்தைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் நான்கு அங்குலச் சதுரத் தகடு பற்றவைத்தால் பாரம் பரவும். வாஸ்துப்படி வடகிழக்கு மூலைதான் என்பவரோடு நமக்கு வழக்கில்லை. அந்த மூலையின் அடியில் நிரப்பியது என்ன மண் என்பதை மட்டும் மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறோம். சுவிட்ச் பலகை தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. ஒயர் தொட்டியிலிருந்து கீழே இறங்கி, வளைந்து, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போக வேண்டும். அப்போது ஒயர் வழியே வரும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவு தடுப்பான் பொருத்துவது கட்டாயம் என்றே சொல்வோம். ஸ்டாண்டுக்குக் கீழே இடம் இருக்கிறதே என்று பிஸ்கட் பெட்டியும் பருப்பு மூட்டையும் அடுக்குவதை நிறுத்த வேண்டும். கடைக்கு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள், தண்ணீர்த் தொட்டி வெடிப்பால் வரும் சேதத்தில் மீன் தொட்டியும் அடங்குமா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நிறுத்திய பின்

காலி ஸ்டாண்டை இடத்தில் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ரசமட்டம் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் காலுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். மடித்த அட்டையோ மரச் சில்லோ வேண்டாம், ஈரத்தில் நசுங்கும். கண்ணாடிக்கு அடியில் மட்டும் எதையும் செருகக் கூடாது.

பிறகு தொட்டியை ஏற்றிக் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மட்டம் பார்க்கலாம். பாதி வரை ஊற்றி, மறுபடி பார்க்கலாம். முழுவதும் நிரப்பியதும் முன்சட்டத்தின் இரு முனைக்கும் கொத்தனார் நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு மில்லிக்கு மேல் சந்து தெரிந்தால், தண்ணீரை இறக்கிவிட்டு ஸ்டாண்டைப் பட்டறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கூலி கொடுப்பதை அதுவரை நிறுத்தி வைப்பதில் தவறில்லை. சரியாக இருந்தால் இரண்டு நாள் அப்படியே விட்டு, மூன்றாம் நாள் மறுபடி நூல் பிடித்துப் பார்த்த பிறகு மோட்டாரை ஓட விடலாம். மீன் வாங்கப் போவது அதற்கும் பிறகு. குளோரின் போன நீரில் வடிகட்டி சில வாரம் ஓடி, நல்ல கிருமிகள் ஊறிய தொட்டியில்தான் மீன் நிற்கும் என்று மீன் கடைக்காரரே சொல்வார்.