ஒரு சட்டையும் எட்டு ஆட்டங்களும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ இப்போது கனடாவில் இருக்கிறார்கள். போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான். தியான்சந்த் பிறந்த நாட்டிலிருந்து போகிற நமக்கு இது சற்று உறுத்தும். அந்த ஆட்டத்தின் மேல் அவர்களுக்கு உள்ள பற்றையும், அதன் நினைவுகளை அவர்கள் காப்பாற்றும் விதத்தையும் 1972-ஆம் ஆண்டின் ஒரு போட்டித் தொடரைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில் ஆட்டம். பக்கத்துக்கு 6 பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். பந்து கிடையாது. 3 அங்குல விட்டமும் 1 அங்குல கனமும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு, அதற்குப் 'பக்' என்று பெயர். துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக அதை ஆட்டத்துக்கு முன்பே உறையவைத்து விடுவார்கள். ஆடுகளம் எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் போக என் தொழில் புத்தி விடவில்லை. கான்கிரீட் தளத்துக்குள் நெருக்கமாகக் குழாய்களைப் பதித்து, அவற்றில் குளிரூட்டிய உப்புக் கரைசலை ஓடவிடுகிறார்கள். மேலே தண்ணீரை மெல்லிய அடுக்குகளாகத் தெளித்து உறையவைத்தால் ஏறத்தாழ 1 அங்குலப் பனிக்கட்டி உருவாகிறது. அத்தனை பெரிய ஆட்களின் மோதலையும் தாங்குவது அந்த ஓர் அங்குலம்தான். 20 நிமிடப் பகுதிகள் மூன்று. வேகம் அதிகம் என்பதால் ஒருவர் முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு வெளியேற, அடுத்தவர் உள்ளே குதிப்பார். அதற்காக ஆட்டம் நிற்காது. ஓடுகிற வண்டியிலேயே டிரைவர் மாறுகிற மாதிரி!

கனடாவுக்கு இது வீட்டு ஆட்டம். சோவியத் யூனியன் 1946-ல்தான் இதை முறையாகக் கையில் எடுத்தது. ஆனால் 1954-ல் முதன்முறையாக உலகப் போட்டிக்கு வந்தபோதே கனடாவை 7-2 என்று வென்று பட்டத்தையும் கொண்டுபோனது. 1956, 1964, 1968, 1972 ஒலிம்பிக் தங்கங்களும் அவர்களுக்கே. கனடா ரசிகர்கள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்: எங்கள் முதல்தர ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு ஆடுபவர்கள், அவர்களை ஒலிம்பிக்கில் சேர்ப்பதில்லை, சோவியத்காரர்களோ பெயருக்குத்தான் அமெச்சூர்கள். இதில் உண்மை உண்டு. அவர்களில் பலர் ஏட்டளவில் இராணுவ அதிகாரிகள். உண்மையான வேலை ஆண்டு முழுவதும் ஹாக்கி. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த நண்பர்களோடு பணிபுரிந்த எனக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரிந்தது.

சரி, உண்மையான பலத்தைப் பார்த்துவிடலாம் என்று 1972 செப்டம்பரில் 8 ஆட்டங்கள் முடிவாயின. கனடாவில் 4, மாஸ்கோவில் 4. எட்டும் நமக்கே என்று எழுதிய கனடாப் பத்திரிகையாளர்கள் உண்டு. மாண்ட்ரியாலில் முதல் ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் கனடா கோல் அடித்தது. முடிவில் 7-3 என்று தோற்றது. சோவியத்காரர்கள் பக்கை எதிராளியிடம் எளிதில் விடாமல், தமக்குள் மாற்றி மாற்றிக் கொண்டுபோய், நல்ல வாய்ப்பு அமைந்தால்தான் அடித்தார்கள். கோலில் நின்ற திரெத்தியாக்குக்கு அப்போது வயது 20. நான்காம் ஆட்டத்தில் வான்கூவர் மக்கள் தங்கள் அணியையே கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். வியர்வை வழிய நின்ற ஃபில் எஸ்பொசிட்டோ தொலைக்காட்சியில் தம் மக்களிடம், நாங்கள் முழுமூச்சாக ஆடுகிறோம், இப்படிச் செய்கிறீர்களே என்று மனம் வெதும்பிப் பேசினார்.

ஏறத்தாழ 3,000 ரசிகர்கள் மாஸ்கோவுக்குப் போனார்கள். அங்கே முதல் ஆட்டத்தில் 4-1 என்று முன்னணியில் இருந்த கனடா 5-4 என்று தோற்றது. ஆயினும் அந்த 3,000 பேரும் தங்கள் அணியை ஆரவாரித்தே அனுப்பினார்கள். ரசிகன் என்ற சொல்லுக்கு என் அகராதியில் அதுதான் பொருள். வான்கூவரில் இருந்தவர்கள் வெறும் டிக்கெட் வாங்கியவர்கள்.

மீதி மூன்றையும் வென்றாக வேண்டும். ஆறாம் ஆட்டத்திலும் ஏழாம் ஆட்டத்திலும் வெற்றி கோலை அடித்தவர் பால் ஹெண்டர்சன். ஆறாம் ஆட்டத்தில் ஒரு கறையும் உண்டு. சோவியத்தின் மிகச் சிறந்த வீரர் கார்லமோவின் கணுக்காலில் பாபி கிளார்க் மட்டையால் ஓங்கி அடித்தார். அடிபட்டவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியவில்லை. வெற்றிக் களிப்பில் இதை மறைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

செப்டம்பர் 28, கடைசி ஆட்டம். கனடாவில் பள்ளிகள் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்தன. இரண்டு பகுதிகள் முடிந்தபோது சோவியத் 5-3 என்று முன்னால். எஸ்பொசிட்டோவும் கூர்னுவாயேயும் அடித்துச் சமன் செய்தார்கள். முடிய 34 விநாடி இருந்தபோது ஹெண்டர்சன் அடித்தார். 6-5. தொடர் 4-3, ஒன்று சமன்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஹெண்டர்சன் தம் சட்டையை அணியின் உதவியாளர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அது கைமாறிக் கைமாறி அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. 2010-ல் ஏலத்துக்கு வந்தபோது, கனடாத் தொழிலதிபர் ஒருவர் 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார். ஊர் ஊராக மக்கள் பார்வைக்கும் வைத்தார். பக்கின் கதை வேறு. தற்காப்பு ஆட்டக்காரர் பாட் ஸ்டேப்பிள்டன் அதை எடுத்துவைத்திருக்கிறார் என்று பலரும் நம்பினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் வேடிக்கையாகவே பதில் சொல்லிவந்து, 2020-ல் காலமானார்.

டொராண்டோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் ஹாக்கி புகழ்மண்டபம் இருக்கிறது. 1885-ல் கட்டிய வங்கிக் கட்டடம். 1993 முதல் மண்டபம் அங்கே. 1892-ல் ஸ்டான்லி பிரபு கொடுத்த பழைய வெள்ளிக் கிண்ணம் அந்த வங்கியின் பெட்டக அறையிலேயே இருக்கிறது. இப்போது வழங்கும் கோப்பையில் ஆண்டுதோறும் வென்றவர்கள் பெயரைப் பொறிக்கிறார்கள். வளையங்களில் இடம் தீர்ந்ததும் மிகப் பழைய வளையத்தைக் கழற்றி மண்டபத்தில் வைத்துவிட்டு, கீழே புதிது பூட்டுகிறார்கள். கோப்பையும் வளராது, பெயரும் அழியாது. நல்ல வடிவமைப்பு.

அந்த மண்டபத்தில் திரெத்தியாக்கை 1989-லேயே சேர்த்துவிட்டார்கள். 1981-ல் கார் விபத்தில் மாண்ட கார்லமோவை 2005-ல் சேர்த்தார்கள். மூன்று வெற்றி கோல்களை அடித்த ஹெண்டர்சனோ, தொடரின் பொன்விழா ஆண்டான 2022 வரையிலும் அதில் இல்லை! முழு வாழ்நாள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி, அந்த ஒரு மாதமே போதும் என்பது இன்னொரு கட்சி. எதிரணிக்காரரைக் கௌரவித்துவிட்டு நம்மவருக்காக வாதாடிக்கொண்டிருக்கும் நாட்டை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். 1948, 1952, 1956 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற மூத்த பல்பீர் சிங், மெல்போர்னில் பாகிஸ்தானை 1-0 என்று வென்ற அணியின் தலைவர். அந்த ஒலிம்பிக் கோட்டையும், பதக்கங்களையும், அரிய புகைப்படங்களையும் 1985-ல் அரசின் விளையாட்டு அமைப்பு ஒன்றிடம், அருங்காட்சியகம் வைப்பதற்கென்று ஒப்படைத்தார். பின்னாளில் கேட்டபோது எதுவும் இல்லை என்றார்கள். பல ஆண்டுகள் அவரும் குடும்பத்தாரும் கடிதம் எழுதிப் பார்த்தார்கள். 2020 மே மாதம் தமது 96-ஆம் வயதில் அவர் காலமானார். கோட்டு அதுவரை கிடைக்கவில்லை.